வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைக் கதையாக எழுதும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய சத்திரம் ஒன்றை வாங்கித் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார் ஒரு முதலாளி. முன்கூடத்தில் சட்டம் போட்டு மாட்ட அதன் வரலாறு ஒரு பக்கத்துக்கு வேண்டும் என்று கேட்டார். வருகிறவர்கள் நின்று படிக்க வேண்டுமாம். கொஞ்சம் பழைய வாசனை வேண்டுமாம். அந்த ஒரு பக்கத்தை எழுதப் போய்த்தான் இதில் மாட்டிக்கொண்டேன்.

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பாழடைந்த சத்திரத்தின் கதவை ஒரு பெண்

(மழை இல்லை. நல்ல வெயில். மாலையும் இல்லை, பட்டப்பகல். பயத்தைச் சொல்ல இருட்டு வேண்டும் என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் இருந்தது.)

மறுபடி:

சத்திரத்தில் பதினோரு அறைகள். பதினோரு கதவுகளுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கத்தில்

(இது சரியான தொடக்கம்தான். ஆனால் அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கண்டுபிடித்தவளை உள்ளே விட்டுவிட்டு நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வதுதான் நியாயம்.)

2

அவள் என் மனைவியின் தங்கை. பழைய கட்டடங்களின் சுவரில் மேல்பூச்சுகளை ஒவ்வொன்றாக உரித்து, அடியில் என்ன நிறம், என்ன சித்திரம் இருந்தது என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். வீட்டில் குழந்தைகள் அவளைச் 'சுரண்டி சித்தி' என்று கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. பரம்பரைச் சொத்தைச் சுரண்டுகிறவர்களை விடச் சுண்ணாம்பைச் சுரண்டுகிறவள் எவ்வளவோ மேல் என்பாள்.

முதலாளிக்கு என்னைச் சிபாரிசு செய்ததும் அவள்தான். "எங்க மாமா எழுதுவாரு" என்று சொல்லியிருக்கிறாள். எப்படி எழுதுவேன் என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

மச்சினி காலை எட்டு மணிக்குச் சத்திரத்துக்குப் போய்விடுவாள். ஒரு பை. அதில் பட்டித் தகடு, மருத்துவமனையில் பயன்படுத்தும் சின்னக் கத்திகள், மெல்லிய தூரிகைகள், சுண்ணாம்பை நனைக்கத் தண்ணீர் பீய்ச்சும் பாட்டில். ஒவ்வோர் அறையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் படிப்படியாக உரிப்பாள். நீலம், அதற்கடியில் மஞ்சள், அதற்கடியில் வெள்ளை, மறுபடி வெள்ளை. ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொள்வாள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் பையை மூடிவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கடையில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பிற்பகல் வெயில் சுவரில் நேராக விழுந்தால் நிறம் ஏமாற்றும் என்பது அவள் கணக்கு.

மூன்றாம் நாள் தற்செயலாக ஒரு கதவைப் பார்த்தாள். வெளிப்பக்கம் கனமான இரும்புத் தாழ்ப்பாள். உள்பக்கம் ஒன்றுமில்லை. ஆனால் இருந்த அடையாளம் இருந்தது. ஆணி அறைந்த நான்கு துளைகள். யாரோ மரத்தூள் குழைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசியிருந்தார்கள். அடுத்த அறைக்குப் போனாள். அங்கும் அதே நான்கு துளைகள். பதினோரு கதவையும் பார்த்துவிட்டு வந்து எனக்குத் தொலைபேசினாள்.

"மாமா, சத்திரத்துல தங்குறவங்க உள்ள தாழ் போட்டுக்க மாட்டாங்களா?"

பழைய காலத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்பியிருப்பார்கள் என்றேன். அதை என் பக்கத்தில் எழுதிக்கொள்ளவும் செய்தேன்.

3

சாவியம்மாவைப் பற்றி எழுதுவதில்தான் தடுமாற்றம்.

இடுப்பில் சாவிக்கொத்து வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவர் சாவியம்மா. அறுபது வயதிருக்கும். சத்திரத்தின் முன்னறையிலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, கட்டடம் கைமாறியபோது அதோடு சேர்ந்து கைமாறியவர். அவர் அப்பா அங்கே காவல்காரர். தாத்தாவும் அப்படியே.

முதல் வரைவில் அவருக்கு ஒரு கோணல் பார்வை கொடுத்தேன். ஒரு காலைச் சாய்த்து நடக்க வைத்தேன். அடித்துவிட்டேன். அவர் நேராகத்தான் நடப்பார். மச்சினிக்கு முதல் நாளே முன்கூடத்தில் நாற்காலி கொண்டுவந்து போட்டார். தூசி தொண்டையில் படுமே என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தார். 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். இப்படிப்பட்ட ஒருவரைக் கண்டு பயப்பட வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குச் செரிக்காத இடம்.

அவருக்கு ஒரு வேலை இருந்தது. தினமும் பன்னிரண்டு மணிக்கு, பதினோரு அறைகளையும் வரிசையாக வெளியே தாழ் போடுவார். மறுநாள் விடிந்ததும் திறப்பார். தாழ் போடும்போது உள்ளே பார்க்க மாட்டார். முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவிக் கதவை இழுத்து, தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவார். எதற்கு என்று மச்சினி ஒருநாள் கேட்டாள். அப்பா அப்படித்தான் செய்வார், நானும் செய்கிறேன் என்றார். நாய் கீய் நுழையாமல் இருக்கவோ என்னவோ என்று அவரே ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொண்டார்.

*(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நம் எல்லோர் வீட்டிலும் காரணம் மறந்துபோன ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும். நான் இதுவரை அதை அழகான விஷயம் என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.)*

4

ஒன்பதாம் அறையில் சுண்ணாம்பு வேறு மாதிரி இருந்தது. மற்ற அறைகளில் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே தூசிப் படலம் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடித்ததன் அடையாளம் அது. இங்கே கதவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்குக் கீழே, தூசியே இல்லாமல் மூன்று பூச்சு ஒன்றன்மேல் ஒன்றாக அடித்திருந்தார்கள். ஒரே நாளில். சுவரின் மற்ற பகுதியில் அப்படி இல்லை.

மச்சினி கவிழ்ந்து படுத்துக்கொண்டு சுரண்டத் தொடங்கினாள். மூக்கிலும் வாயிலும் துணி, தலையைச் சுற்றிக் காது மூடிய குல்லாய். மணியைப் பார்க்கவில்லை. சத்திரத்தில் மின்சாரம் முன்கூடத்தில் மட்டும்தான் என்பதால் தொலைபேசி அங்கே சார்ஜில் கிடந்தது.

வெளிச்சம் சட்டென்று குறைந்தது. காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்று நினைத்தாள். பிறகு இரும்பு இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. நிதானமான, பழக்கப்பட்ட கையின் சத்தம்.

"அம்மா, நான் உள்ள இருக்கேன்."

பத்தாம் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம். தாழ்ப்பாள்.

எழுந்து கதவைத் தட்டினாள். சிரித்துக்கொண்டேதான் தட்டினாள். பதினோராம் அறைக் கதவு பாதி சாத்தியபடி நின்றது. அவளுக்கு அது கேட்டது. கதவின் கீல் நடுவில் நின்றுவிட்ட சத்தம். மறுபடி தட்டினாள், சாவியம்மா, நான்தான் என்றாள். பதினோராம் கதவு அவசரமாகச் சாத்தப்பட்டது. சாவிக்கொத்து குலுங்கக் காலடி ஓடியது. முன்கூடத்தைத் தாண்டி, வாசல்வரை.

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. தன் குரல் கேட்கவில்லை என்றால் சமாளித்துவிடலாம். கேட்டுத்தான் ஓடுகிறார்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். ஆள் உயரத்துக்கு மேலே, கை அகலம், இரண்டு கம்பிகள். அதற்கு அந்தப் பக்கம் வெற்று நிலம், அதன்பின் நெடுஞ்சாலை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பையைத் தலைகீழாகப் போட்டு அதன்மேல் ஏறி நின்று கத்தினாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கதவில் தோளால் மோதினாள். எத்தனையோ தோள்களுக்குத் தாங்கிய கதவு அது.

(இந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது. அவளுக்கு அப்போது அது தெரியாது. நீக்கியிருக்க வேண்டும்.)

ஒரு மணி நேரம் போயிருக்கும். நாளைக் காலை வரை யாரும் திறக்கப்போவதில்லை. காலையிலும், உள்ளே குரல் கேட்ட கதவைச் சாவியம்மா திறப்பாரா? பாட்டிலில் சுண்ணாம்பை நனைக்க வைத்திருந்த தண்ணீர் பாதி இருந்தது. இரண்டு வாய் குடித்தாள். மிச்சத்தைப் பார்த்தாள். கையை எங்காவது வைத்தாக வேண்டும் என்று மறுபடி படுத்துச் சுவரைச் சுரண்டத் தொடங்கினாள்.

5

ஆணியால் கீறிய எழுத்து. உட்கார்ந்தோ படுத்தோ எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு தாழ்வாக இருந்தது. முதல் வரி வெளியே வர அரை மணி நேரம் ஆயிற்று.

நாங்கள் ஆறு பேர். ஒருவருக்குத்தான் காய்ச்சல்.

அதற்குக் கீழே, ஒரு விரல்கடை விட்டு, அதே கையெழுத்து. கொஞ்சம் கோணலாக:

நாங்கள் ஐந்து பேர். யாருக்கும் காய்ச்சல் இல்லை.

மச்சினி இந்த வரியை மூன்று தடவை படித்தாளாம். முதல் தடவை நல்ல செய்தி என்று தோன்றியதாம். இரண்டாம் தடவை எண்ணிக்கையைக் கவனித்தாள். மூன்றாம் தடவைதான், ஆறாவது ஆளும் அப்போது அறைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்பது உறைத்தது. திரும்பி அறையைப் பார்த்தாள். பத்தடிக்கு எட்டடி. காலை மடக்கிக்கொண்டாள்.

மூன்றாவது வரி:

தட்டுவது நாங்கள்தான். பயப்பட வேண்டாம்.

6

இனி நடந்ததை இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன். முதலாவது:

நான்கு மணிக்கு நான் சத்திரத்தை அடைந்தேன். தட்டும் சத்தம் கேட்டது. பாய்ந்து ஓடித் தாழ்ப்பாளை

(பொய்.)

இரண்டாவது, மச்சினி உள்ளேயிருந்து கேட்டபடி:

முன்கூடத்தில் பேச்சுக்குரல்கள். ஒன்று சாவியம்மாவுடையது. அழுகிற மாதிரி இருந்தது. இன்னொன்று ஆண்குரல். எழுந்து இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். பேச்சு நின்றது. காலடிகள் நடையில் வந்தன. கதவுக்கு வெளியே நின்றன. அவள் தட்டினாள். காலடி ஓரடி பின்னால் போயிற்று.

கதவுக்கடியில் விரல் அகல இடைவெளி. அதன் வழியே செருப்பின் நிழலைப் பார்த்தாள். திறக்கும் தூரத்தில் ஓர் ஆள் நிற்கிறான். திறக்கவில்லை. மூச்சுக்கூடக் கேட்டது. அந்த நான்கு மணி நேரத்தில் அதுதான் பெரிய பயம் என்றாள். ஆள் இல்லாதது பயமில்லை, ஆள் இருந்தும் கை வராதது பயம்.

வாயில் வந்ததைச் சொன்னாள்.

"தட்டுறது நான்தான். பயப்படாதீங்க."

தாழ்ப்பாள் திறந்தது.

செருப்பு என்னுடையது.

நடந்தது இதுதான். இரண்டு மணிக்கு வருவதாக மச்சினியிடம் சொல்லியிருந்தேன். வீட்டுக்குப் போகாமல் சத்திரத்துக்கு எதிர்க் கடையில் காத்திருப்பதாக அவளும் சொல்லியிருந்தாள். ஆனால் பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து என் ஒரு பக்கத்தின் முதல் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்துவிட்டேன். 'வந்தவர் எவரையும் இந்தச் சத்திரம் திருப்பி அனுப்பியதில்லை.' எவரையும் என்று வருவதா, யாரையும் என்று வருவதா? இரண்டு மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது எதிர்க் கடையில் அவள் இல்லை. சத்திரத்து வாசலில் சாவியம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தானை நனைந்திருந்தது. அவள் வழக்கம்போல் கிளம்பிப் போய்விட்டாள், உள்ளே யாரும் இல்லை என்றார். அப்போது தட்டும் சத்தம் கேட்டது. நான் நடைக்குள் நுழைந்தேன். அவர் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தார்.

"திறக்காதீங்க சார். தட்டினா திறக்கக் கூடாதுன்னு எங்க அப்பா சொல்லியிருக்காரு. கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. அது மனுஷக் குரல்லயே பேசும்."

பட்டப்பகல். படித்தவன். அவள் என் மனைவியின் தங்கை, கல்யாணத்தில் என் செருப்பை ஒளித்து வைத்துச் சிரித்தவள், குரல் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தக் கிழவியின் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்த நேரத்தில் என் கை எழவில்லை. எவ்வளவு நேரம் என்று மச்சினியிடம் கேட்டேன். எண்ணவில்லை என்றாள். எண்ணியிருப்பாள்.

7

சாவியம்மா அன்றைக்குச் சொன்னது கொஞ்சம்தான். தாத்தா அப்பாவிடம் சொன்னது, அப்பா அவரிடம் சொன்னது. மத்தியானம் தாழ் போட வேண்டும், உள்ளே பார்க்கக் கூடாது, தட்டினால் திறக்கக் கூடாது. ஏன் என்று தாத்தா சொல்லவில்லை. தாத்தா அதிகம் பேசாத மனிதராம். நடு ராத்திரியில் எழுந்து போய்க் கதவுகளில் காது வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பாராம்.

மிச்சத்தைப் பழைய ஆவணங்கள் இருந்த அலுவலகத்தில் நான் தேடினேன். மூன்று நாள் தூசிக்குப் பிறகு, சாலைப் பராமரிப்புப் பதிவேடு ஒன்றில் ஒரே ஒரு வரி: 'காய்ச்சல் காரணமாகச் சத்திரம் பதினெட்டு நாள் மூடப்பட்டது. பின்னர் வெள்ளையடித்துத் திறக்கப்பட்டது.'

மூடப்பட்டது. எழுதுகிறவன் என்ற முறையில் இந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதில் மூடியவர் இல்லை. உத்தரவு போட்டவர் இல்லை. உள்ளே இருந்தவர்களும் இல்லை. படிப்பவர் மனதில் ஒரு காலிக் கட்டடம்தான் எழும். ஒரு பாவத்தை ஒளிக்க ஒரு வினைச்சொல் போதும். நானே எத்தனை தடவை பயன்படுத்தியிருக்கிறேன்.

எத்தனை பேர் என்று பதிவேட்டில் இல்லை. பதினோரு அறை, அறைக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொண்டால்

(பெருக்கவில்லை.)

அன்றைக்குத்தான் என் முதல் வாக்கியத்தை மறுபடி படித்தேன். வந்தவர் எவரையும் இந்தச் சத்திரம் திருப்பி அனுப்பியதில்லை. ஓர் எழுத்துப் பிழை இல்லை. ஒரு தகவல் பிழையும் இல்லை. காகிதத்தை மேசைமேல் வைக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

8

முடிவுகள் மூன்று இருந்தன.

ஒன்று: முதலாளி அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிடுகிறார். இதை எழுதினேன். கோபமாக, நன்றாக வந்தது. ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை.

இரண்டு: சுவருக்குக் கண்ணாடி போட்டு, வருகிறவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். எழுதும்போதே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நடந்தது மூன்றாவது. முதலாளி ஒன்பதாம் அறையில் வந்து குந்தி உட்கார்ந்து மூன்று வரியையும் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. இதை வெளியே சொன்னால் எவன் சார் இங்கே படுத்துத் தூங்குவான் என்று மட்டும் கேட்டார். இப்போது அது போர்வையும் தலையணையும் அடுக்கும் அறை. எழுத்துக்கு முன்னால் மர அலமாரி நிற்கிறது. மற்ற பத்துக் கதவுகளுக்கும் உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். முன்கூடத்தில் என் பழைய பக்கமே தொங்குகிறது. திருத்தி எழுதிக் கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அடியில் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார். எழுதியவர் இல்லாத பக்கம் ஆகிவிட்டது அது. நான் வீரம் என்று நினைத்துச் செய்த காரியம், யோசித்தால், பதிவேட்டுக்காரர் செய்ததுதான்.

இது முடிவு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும், மச்சினி அடுத்ததைச் சொல்லும்வரை, இரண்டு வாரம் தோன்றிற்று.

9

அலமாரி வருவதற்கு முந்தின நாள் காலை. மச்சினி கடைசியாகப் படம் எடுத்துக்கொள்ளப் போயிருந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். இப்போதெல்லாம் எங்கே வேலைக்குப் போனாலும் அப்படித்தான் செய்கிறாள்.

வாசலில் நிழல் விழுந்தது. சாவியம்மா. அறுபது வருஷத்தில் ஆள் இருக்கும் அறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்க வந்தவர் போல நின்றார். கேட்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, எழுத்தை விரலால் தொடாமல் தொடுவது போலத் தடவினார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னார்.

மச்சினி முதல் வரியைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதைப் படிக்கும்போது சாவியம்மா கண்ணை மூடிக்கொண்டார். வெளியே லாரிகள்.

மூன்றாம் வரிக்குக் கீழே இன்னும் ஒரு சாண் இடம் உரிக்கப்படாமல் இருந்தது. அந்தத் தடித்த சுண்ணாம்பு அங்கும் தொடர்ந்தது. எதையோ மறைக்க அடித்தது போலவும் இருக்கலாம். கை போன போக்கில் அடித்தது போலவும் இருக்கலாம்.

சாவியம்மா அந்த இடத்தைக் காட்டிக் கேட்டார்.

"அதுக்கப்புறம் எங்க தாத்தா திறந்தாரா, கண்ணு? எழுதியிருக்கா?"

இதுவரை மச்சினி சொன்னாள். இதற்கு மேல் சொல்லவில்லை. சுரண்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். கீழே ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். கதைக்கு வேண்டும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "அது எங்க ரெண்டு பேருக்குள்ள, மாமா" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

அலமாரியை நகர்த்திப் பார்த்துவிடலாம். பேருந்தில் போனால் ஒன்றரை மணி நேரம். நான் போகவில்லை. காரணம் மரியாதை என்று ஒரு வரைவில் எழுதினேன். இன்னொரு வரைவில் பயம் என்று எழுதினேன். இரண்டாவதுதான் நிலைத்தது.

ஆகவே இந்த இடத்தில் நான் விலகிக்கொள்கிறேன். அறை இருக்கிறது. காலை வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது. உங்கள் கையில் சின்னக் கத்தி இருக்கிறது, சுரண்டலாம், சுரண்டாமலும் இருக்கலாம். எதிரே தரையில் உட்கார்ந்திருப்பவருக்குப் படிக்கத் தெரியாது. சுவரில் என்ன இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், அவர் எடுத்துக்கொண்டு போகப்போவது நீங்கள் வாயால் சொல்வதை மட்டும்தான். மிச்ச நாட்களை அதை வைத்துக்கொண்டுதான் அவர் அந்தச் சத்திரத்தில் கழிக்க வேண்டும்.

தாத்தா திறந்தாரா என்று கேட்கிறார். சொல்லுங்கள்.